ஏன் நாளைக்கு?: நந்தன் கதையின் நான்கு வரைவுகள்

சிறுகதை எழுதிப் பழகுகிறவர்கள் கூடும் இடங்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும். "நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா கதையில முரண் இல்லை." சொல்கிறவர் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கேட்டவர் வீட்டுக்குப் போய் கதைக்குள் ஒரு குடிகார அப்பாவைக் கொண்டுவருவார், இல்லையென்றால் ஒரு பைக் விபத்து. அடுத்த வாரம் அதே கதை முரணோடு வரும், முன்னைவிட மோசமாக. நாங்கள் ஆறேழு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கதைகளை மாற்றி மாற்றிப் படிக்கிறோம். இந்த விபத்தை நான் பலமுறை பார்த்தாயிற்று.

முரண் வேண்டும் என்பது சரியான அறிவுரைதான். அதை எங்கிருந்து எடுப்பது என்றுதான் யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்து இதற்கு நல்ல பாடம் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. எனக்கு ஊர் கீரப்பாளையம். சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் சாலையில் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிடும். வீராணத்துத் தண்ணீர், சம்பா நெல், வரப்பில் பனைமரம் என்று எல்லா டெல்டா ஊர்களையும் போலத்தான். கிழக்கே பார்த்தால் தில்லை. தென்மேற்கே காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் ஆதனூர், நந்தனார் ஊர் என்று சொல்லப்படும் இடம். ஆதனூரிலிருந்து தில்லைக்கு ஒரு நாள் நடைதான். அந்த ஒரு நாள் நடையைத் தமிழ் இலக்கியம் ஆயிரம் வருடத்துக்கு மேலாக எழுதி எழுதித் திருத்திக்கொண்டிருக்கிறது.

என் வேலையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பழைய வடிவத்தை நாங்கள் அழிப்பதில்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த வரி வந்தது, எந்த வரி போனது, யார் மாற்றியது என்று பார்ப்போம். கதைகளுக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடைப்பதில்லை. எழுத்தாளர்கள் முதல் வரைவைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். நந்தன் கதையில் மட்டும் எல்லா வரைவுகளும் கையில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எழுதியவர் வேறு, நூற்றாண்டு வேறு.

முதல் வரைவு ஒரு பெயர் மட்டும்தான். சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் அடியார்களை 11 பாடல்களுக்குள் வரிசையாக வணங்கிக்கொண்டு போகிறார். அதில் ஒருவர் திருநாளைப்போவார். ஒரு சின்ன அடைமொழி, பிறகு பெயர், அடுத்த அடியாருக்குப் போய்விடுகிறார். ஊர் இல்லை, சாதி இல்லை, தில்லை இல்லை, நந்தன் என்ற பெயரும் இல்லை.

ஆனால் அந்தப் பெயரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நாளைக்குப் போகிறவர். ஒரு மனிதனுக்கு இப்படிப் பெயர் வரவேண்டும் என்றால் அவர் ஒரு தடவை சொன்னால் போதாது. பல நாள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிச் சொல்லிப் போகாமல் இருந்திருக்க வேண்டும். கேட்டவர்கள் கிண்டல் பண்ணியிருக்க வேண்டும். பட்டப்பெயர் என்பதே ஒரு தெருவின் கூட்டுப் படைப்பு. அந்தத் தெரு பார்த்துச் சிரித்ததை ஒரு பெயருக்குள் அடைத்து வைத்துவிட்டது. எங்கே போக வேண்டும், ஏன் இன்றைக்குப் போகவில்லை என்ற இரண்டு கேள்விகளும் அதற்குள் அப்படியே இருக்கின்றன. பின்னால் வந்த எல்லோரும் இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் எழுதினார்கள். இ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் வந்த தன் நாவல் பற்றிய புத்தகத்தில், அடுத்து என்ன என்று கேட்க வைப்பது கதை, ஏன் என்று கேட்க வைப்பது கதைப்பின்னல் என்று பிரிக்கிறார். இங்கே அந்த 'ஏன்' முதல் வரைவின் ஒற்றைச் சொல்லிலேயே வந்துவிட்டது.

இரண்டாம் வரைவு நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி. ஒரே ஒரு பாடல். இதில் ஊர் வருகிறது, ஆதனூர். தில்லை வருகிறது. அவர் தீண்டாமைக்கு ஆளான குலத்தவர் என்ற செய்தி வருகிறது. தில்லை மூவாயிரவர் கைகூப்ப அவர் முனிவர் ஆனார் என்று முடிகிறது. ஆரம்பமும் முடிவும் தயார். நடுவில் என்ன நடந்தது என்பது இல்லை. இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, இதில் நெருப்பு இல்லை. 'புலை போய்' முனிவரானார் என்பதோடு சரி. எப்படிப் போனது என்று நம்பி சொல்லவில்லை. அடுத்தவருக்கு அது பெரிய தலைவலியாக இருந்திருக்கும்.

அடுத்தவர் சேக்கிழார். 12-ஆம் நூற்றாண்டு, இரண்டாம் குலோத்துங்கன் காலம். சோழ அமைச்சர் என்றும், தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் நூலை அரங்கேற்றினார் என்றும் மரபு சொல்கிறது. பெரிய புராணத்தில் திருநாளைப்போவாருக்கு 37 பாடல்கள். ஒரு பாடலை 37 ஆக்க வேண்டும் என்றால் நீங்கள் எதை வைத்து நிரப்புவீர்கள்? பக்தியை வைத்து நிரப்புவதுதான் சுலபம். சேக்கிழார் முதலில் சேரிக்குள் போனார்.

இந்தப் பகுதியை நான் எழுதப் பழகும் நண்பர்களுக்கு எப்போதும் படிக்கச் சொல்வேன், பக்தி இருக்கிறதோ இல்லையோ. வயல் ஓரத்தில் புல்லால் வேய்ந்த குடிசைகள், பழைய கூரை மேல் சுரைக்கொடி படர்ந்திருக்கிறது. முற்றத்தில் வார்த்தோல் கிடக்கிறது, கோழிக்குஞ்சுகள் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. கையில் இரும்புக் காப்பு போட்ட சிறுவர்கள் நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தக் குட்டிகள் குரைக்கின்றன, ஆனால் சிறுவர்களின் இடுப்பில் கட்டிய இரும்பு மணியின் சத்தத்தில் அந்தக் குரைப்பு அடங்கிப் போகிறது. மருதமர நிழலில் தோலை விரித்து ஒரு உழவுக்காரப் பெண் குழந்தையைத் தூங்க வைக்கிறாள். மாமரக் கிளையில் பறைகள் தொங்குகின்றன. பானையைப் புதைத்து வைத்த நிழலில் அடைக்கோழி ஒடுங்கிக் கிடக்கிறது. தென்னைமரத்தடியில் குட்டி போட்ட நாய்.

மணிச் சத்தத்தில் நாய்க்குட்டியின் குரைப்பு கேட்காமல் போவதை யாராலும் மேசை முன்னால் உட்கார்ந்து கற்பனை பண்ண முடியாது என்று நான் நினைக்கிறேன். யாரோ போய் நின்று கேட்டிருக்கிறார்கள். சேக்கிழார் போனாரா, குதிரை மேலிருந்து பார்த்தாரா, வேறு யாரும் சொல்லக் கேட்டாரா, அது நமக்கு வேண்டாம். ஒரு அரசு அதிகாரியின் எழுத்தில், 900 வருடத்துக்கு முன்னால், ஒரு சேரி வாசலின் சத்தங்கள் எது பெரியது எது சின்னது என்ற வித்தியாசத்தோடு பதிவாகியிருக்கின்றன. அந்த வீடுகளைப் பார்த்த பிறகுதான் நந்தனார் என்று ஒருவர் இருந்தார் என்று பெயரைச் சொல்கிறார். அவர் ஊருக்குச் செய்யும் தொழிலுக்காக விட்ட நிலத்தின் வருமானத்தில் வாழ்கிறார். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுக்கிறார். கோயிலுக்குள் ஒலிக்கும் எல்லா வாத்தியத்திலும் அவர் கொடுத்த பொருள் இருக்கிறது, அவர் மட்டும் வெளியே நிற்கிறார். இதைச் சேக்கிழார் வாய்விட்டுச் சொல்லவில்லை. பொருட்களைப் பட்டியல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

சரி, ஏன் நாளைக்கு? சேக்கிழாரின் பதில் நுட்பமானது. திருப்புன்கூருக்குப் போய் வாசலில் நின்று தரிசிக்கிறார், நந்தி விலகுகிறது, அங்கே ஒரு குளம் வெட்டுகிறார். அதற்குப் பிறகு தில்லை ஆசை வருகிறது. ராத்திரி தூக்கமில்லை. விடிந்ததும் 'என் குலத்துக்கு இது பொருந்துமா' என்ற எண்ணம் வந்து ஆசை அடங்குகிறது. மறுபடி ஆசை பொங்குகிறது, நாளைக்குப் போவேன் என்கிறார். மறுபடி அடங்குகிறது. தடுப்பவர் யாரும் கிடையாது. தடை மொத்தமும் அவருக்குள்ளேயே இருக்கிறது. ஊர் போட்ட வேலியை ஒரு மனிதன் தனக்குள் தூக்கிக்கொண்டு நடக்கிறான். இன்றைய எழுத்தாளர் ஒருவர் இதை எழுதியிருந்தால் உளவியல் யதார்த்தம் என்று பாராட்டியிருப்போம்.

கடைசியில் போகிறார். தில்லை எல்லைக்கு வெளியிலேயே சுற்றிச் சுற்றி வருகிறார். கனவில் இறைவன் வந்து நெருப்பில் மூழ்கி எழுந்து வா என்கிறார், தில்லை அந்தணர்களிடமும் நெருப்பு வளர்க்கச் சொல்கிறார். தெற்கு மதிலுக்கு வெளியே நெருப்பு வளர்க்கிறார்கள். உள்ளே இறங்கியவர் பூணூலும் சடைமுடியும் கொண்ட முனிவராக எழுந்து கோயிலுக்குள் போகிறார், மறைகிறார். நம்பி காலியாக விட்டிருந்த இடத்தில் சேக்கிழார் நெருப்பை வைத்தார். அவருக்கு முன்பே அப்படி வழங்கி வந்திருக்கலாம். ஆனால் நம்மிடம் இருக்கும் வரைவுகளில் இது இங்கேதான் முதலில் வருகிறது.

இனி ஏறக்குறைய 700 வருடம் தாண்ட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு, மாயவரம் பக்கம். கோபாலகிருஷ்ண பாரதி நாகப்பட்டினம் பக்கத்து நரிமணத்தில் பிறந்தவர், பிராமணர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் இருந்தார். கதாகாலட்சேபம் பண்ணுகிறவர்களோடு பழகி அந்த வித்தையைக் கற்றவர். இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். சேக்கிழாருக்கு முன்னால் சபை இருந்தது. பாரதிக்கு முன்னால் இருந்தது ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் கூட்டம். குழந்தை அழும், யாராவது எழுந்து போவார், கொட்டாவி விடுவார்கள். கதையில் தொய்வு விழுந்தால் எழுத்தாளருக்குக் கடிதத்தில் தெரிவதற்கும், கண்ணெதிரே ஜமக்காளம் காலியாவதில் தெரிவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இந்தக் கூட்டத்திடம் போய் 'அவர் மனசுக்குள்ளே ஆசை வந்தது, அடங்கியது, மறுபடி வந்தது' என்று மூன்று மணிநேரம் சொல்ல முடியாது. மனசுக்குள் நடக்கும் தடையை வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கு உடம்பு வேண்டும், குரல் வேண்டும், உட்காரத் திண்ணை வேண்டும். பாரதி ஒரு ஆளை உண்டாக்கினார். வேதியர். நந்தனின் பண்ணையார்.

பெரிய புராணத்தில் இந்த ஆள் இல்லவே இல்லை. அங்கே நந்தனாருக்கு முதலாளி கிடையாது. இன்றைக்கு நந்தனார் கதை தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இவரைப் பற்றித்தான். "அந்த ஐயர் விடமாட்டேன்னாரே." அந்த ஐயருக்கு இன்னும் இருநூறு வயதுகூட ஆகவில்லை. நந்தன் அவரிடம் போய் உத்தரவு கேட்கிறான். அவர் நாளை நாளை என்று தள்ளுகிறார். பெயர் அதே பெயர்தான், ஆனால் 'நாளை' இப்போது வேறொருவர் வாயிலிருந்து வருகிறது. சேக்கிழாரில் நந்தன் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட சொல், பாரதியில் வேலை வாங்குகிறவன் சொல்லும் சொல்லாக மாறிவிட்டது. லீவு கேட்டுப் பழக்கமுள்ள யாருக்கும் இது உடனே புரியும்.

பாரதி இங்கே நிற்கவில்லை. சேரிக்குள்ளும் ஒரு பெரிய கிழவனை வைத்தார். நம்ம சாமி இருக்கும்போது உனக்கு எதற்குத் தில்லை என்று கேட்கிறவர் அவர். மேலிருந்து ஒரு தடை, சொந்த சனத்திடமிருந்து ஒரு தடை. இரண்டு பக்கமும் வாக்குவாதம், வாக்குவாதத்துக்கெல்லாம் மெட்டு. நொண்டிச்சிந்து போன்ற, சனங்கள் காதில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த வடிவங்களையும் பேச்சுமொழியையும் எடுத்துக்கொண்டார்.

இந்த வேதியரை அவர் எங்கிருந்து எடுத்தார்? கற்பனையிலிருந்து என்று நான் நம்பவில்லை. 1843-இல் கம்பெனி அரசு, அடிமை வைத்திருக்கும் உரிமையை நீதிமன்றங்கள் இனி ஏற்கக்கூடாது என்று சட்டம் போட்டது. காவிரிப் பாசனத்து ஊர்களில் அதற்குப் பிறகும் படியாள் முறை ஓடியது. கடனிலும் நெல்லளவிலும் கட்டப்பட்டு, பண்ணையை விட்டு நகர முடியாத மனிதர்கள் அவர்கள். பாரதி இருந்த ஊர்கள் முழுக்க அந்தப் பண்ணைகள்தான். அவர் தங்கிய வீடுகளின் திண்ணையில் உத்தரவு கேட்டுத் தள்ளி நின்றவர்களை அவர் தினமும் பார்த்திருப்பார். 'ஏன் நாளைக்கு' என்ற கேள்விக்கு அவருக்குத் தெரிந்த பதில் தெருவிலேயே இருந்தது. ஒரு பிராமணர், பிராமணர்கள் நிறைந்த சபையில், அந்தப் பதிலை உட்கார்ந்து பாடினார். பட்டறையில் 'முரண் கொண்டு வா' என்று சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைத்தான் நான் சொல்ல வருகிறேன். பாரதி கதைக்கு வெளியிலிருந்து ஒரு வில்லனை இறக்கவில்லை. கதையின் பழைய சொல் ஒன்றை எடுத்து, இது என் ஊரில் யார் சொல்வார்கள் என்று கேட்டார்.

கற்றவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு உ.வே. சாமிநாதையர் எழுதிய சம்பவம் ஒன்று இருக்கிறது. பாரதி தன் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போகிறார். பிள்ளைக்கு மனசில்லை. நூலில் இலக்கணப் பிழைகள். இன்றைக்கு வா, பிறகு வா என்று கடத்துகிறார். (நந்தன் கதை எழுதியவரையே நாளைக்கு வரச் சொன்னார்கள்!) ஒருநாள் மதியம் பிள்ளை உள்ளே படுத்திருக்கிறார், பாரதி திண்ணையில் காத்திருக்கிறார். காத்திருந்த நேரத்தில் தன் பாட்டைத் தானே பாடத் தொடங்குகிறார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை உருகிப்போய் வந்து பாயிரம் எழுதிக் கொடுத்தார். படித்தபோது பிழை தெரிந்தது, கேட்டபோது தெரியவில்லை. இது பிழைகளுக்கு வக்காலத்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், பாரதி அளவுக்குப் பாடத் தெரிந்தவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை. 1860-களின் தொடக்கத்தில் காரைக்காலிலிருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் உதவியோடு நூல் அச்சேறியது. அதற்குப் பிறகு அது காலட்சேபம், நாடகம், கிராமபோன், சினிமா என்று போய்க்கொண்டே இருந்தது. 1935-இல் எடுத்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகப் பெண்ணான கே.பி. சுந்தராம்பாள் நடித்தார், ஒரு லட்ச ரூபாய் சம்பளம் ஊரெல்லாம் பேச்சானது. வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். 1942-இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர். சேக்கிழார் அறியாத ஒரு பாத்திரம் இரண்டு படத்திலும் இரண்டாவது பெரிய வேடம்.

எங்கள் தாத்தாவுக்கு இந்தக் கதை அந்த வழியாகத்தான் தெரியும். பெரிய புராணம் அவர் படித்ததில்லை. கதை சொல்லும்போது வேதியர் குரலை மூக்கால் பேசிக் காட்டுவார். வேதியர் போடும் நிபந்தனையில் வந்து நிறுத்துவார். நாற்பது வேலி சாகுபடியை முடித்துவிட்டுத் தில்லைக்குப் போ.

"நாப்பது வேலின்னா என்னன்னு நெனச்ச? இந்த மேட்டுல நின்னு பாரு. கண்ணுக்கு எட்டுற வரைக்கும்டா."

ஒரு வேலி ஏழு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நாற்பது வேலி சுமார் 265 ஏக்கர். நாற்றங்கால் விட்டு, சேடை ஓட்டி, நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, தண்ணீர் கட்டி, அறுத்து, கட்டுக் கட்டி, களத்தில் அடித்து, தூற்றி முடிக்கச் சம்பாவுக்கு ஐந்து மாசமாவது வேண்டும். பாரதி கதையில் ஒரே ராத்திரியில் முடிந்துவிடுகிறது. சிவகணங்கள் வந்து முடித்துவிடுகிறார்கள். காலையில் வேதியர் விளைந்து கிடக்கும் வயலைப் பார்த்து நந்தன் காலில் விழுகிறார்.

தாத்தா இந்த இடத்தைக் கண் கலங்கச் சொல்வார். அவர் நெல் விதைத்தவர், அந்த ராத்திரி எவ்வளவு பெரிய ராத்திரி என்று அவருக்குத் தெரியும். எழுதுகிறவனாக எனக்கு இந்த இடத்தில் இரண்டு வருத்தங்கள் உண்டு. ஒன்று, தொழில்நுட்ப வருத்தம். வேதியர் காலில் விழுந்ததும் கதையின் எதிராளி காலி. இன்னும் தில்லை பாக்கி இருக்கிறது, எல்லை பாக்கி இருக்கிறது, நெருப்பு பாக்கி இருக்கிறது. ஆனால் இழுத்துப் பிடிக்க ஆள் இல்லை. அதற்குப் பிறகு வரும் பகுதியைத் தாங்கிப் பிடிப்பது சங்கீதம். எல்லையில் நின்று உள்ளே வரலாமா என்று நந்தன் கேட்கும் பாட்டு வரவில்லை என்றால் அந்தப் பாதி தொங்கிப் போயிருக்கும். இரண்டாவது வருத்தம் கொஞ்சம் பெரியது. நிலத்தில் உழைப்பவனுக்கும் நிலத்துக்காரனுக்கும் நடுவே நடக்கும் சண்டையை இவ்வளவு துல்லியமாகக் கட்டிக்கொண்டு வந்தவர், உழைப்பு வரும் இடத்தில் அதைத் தெய்வத்திடம் கொடுத்துவிட்டார். சண்டை பேசித் தீரவில்லை, அற்புதம் வந்து அணைத்துவிட்டது. வேதியர் கும்பிட்டது அற்புதத்தை. முந்தின நாள் வரை அதே வயலில் குனிந்திருந்த நந்தனை அவர் கும்பிட்டிருப்பாரா?

அதாவது ஒரு கேள்வியைத் துணிந்து கேட்டவர், அடுத்த கேள்வியின் வாசலில் நின்றுவிட்டார். நெருப்பை அவர் தொடவேயில்லை. சேக்கிழார் வைத்தபடியே விட்டுவிட்டார்.

நெருப்பைக் கேட்டவர்கள் பிறகுதான் வந்தார்கள். அயோத்திதாசர் நந்தனை ஒரு பௌத்த அரசனாகச் சொன்னார், சூழ்ச்சியால் கொல்லப்பட்டவனாக. அதைக் கதையின் திருத்தம் என்பதைவிட மொத்தக் கதையையும் நிராகரித்து வேறு கதை எழுதியது என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்துத் திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' எழுதினார். அதே ஆதனூர், ஆனால் காந்தி காலம். கண் தெரியாத கிழவர் கருப்பன், சீர்திருத்தம் பேசும் அவர் மகன், காங்கிரஸ்காரனாகிவிட்ட பிராமண வீட்டுப் பையன். நெருப்பின் இடத்தில் ரயில் வருகிறது. மூன்று பேரும் அடிபட்டுச் சாகிறார்கள், இதில் யார் நந்தன் என்று வாசகனைப் பார்த்துக் கதை திரும்புகிறது. புதுமைப்பித்தனுக்கே உரிய அவசரம் அந்தக் கதையில் உண்டு, மூன்று பேரையும் ஒரே தண்டவாளத்துக்குக் கொண்டுவர அவர் படும் பாடு தெரிகிறது. ஆனாலும் யாரும் முனிவராக எழுந்து வரவில்லை. ஆதனூரில் முதல்முறையாக ஒரு சாவு சாவாகவே முடிந்தது. 1970-களின் பிற்பகுதியில் இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' நாடகத்தில் இன்னும் நேராகப் போனார். அங்கே நெருப்பு ஒரு சதி. நந்தனை நம்பவைத்து இறக்குகிறார்கள்.

இன்னொரு பதிலைக் காகிதத்தில் எழுதாமல் கட்டிடமாகக் கட்டியவர் ஒருவரும் உண்டு. சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார், தலித் பிள்ளைகளுக்காக. ஓமக்குளம் பக்கம் நந்தனார் தீயில் இறங்கிய இடம் என்று சனங்கள் சொல்கிற இடத்தை ஒட்டியே நந்தனார் மடம். எங்கள் பக்கத்து எத்தனையோ குடும்பங்களில் முதலில் படித்தவர் அந்தப் பள்ளியில் படித்தவராக இருப்பார்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இருக்கும் நண்பன் ஒருவனின் தாத்தாவும் அங்கே படித்தவர்தான். அவனும் கீரப்பாளையம் பக்கம், நாங்கள் தனித்தனித் தெருவில் வளர்ந்து சென்னையில் பழக்கமானோம். எங்கள் தாத்தா சொன்ன கதையை நான் ஒருநாள் வேதியர் குரலோடு சொல்லிக் காட்டினேன். சிரித்தான். அவன் ஆயா சொன்ன கதையில் வேதியர் பெரிய ஆளே இல்லையாம், ரெண்டு வரியில் வந்து போவாராம். நாற்பது வேலி அற்புதமும் கிடையாது.

"ஆயா சொல்றப்ப, அறுப்பு எல்லாத்தையும் நம்ம சனமே அறுத்துச்சுன்னுதான் சொல்லும். நந்தன் போவட்டும்னு ராவோட ராவா எல்லாரும் எறங்குனாங்களாம்."

முடிவு? முடிவு சொல்ல மாட்டாராம். நெருப்பு மூட்டினாங்க என்று வந்ததும், "அப்பறம் அவரு வரல, தூங்கு" என்று சொல்லிவிடுவாராம்.

கணங்கள் வந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள். 265 ஏக்கரை ஒரே ராத்திரியில் அறுக்க எத்தனை அரிவாள் வேண்டும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். நடக்காத காரியம்தான். ஆனால் நடக்காத காரியத்தை யார் தலையில் வைக்கிறோம் என்பதில் கதை மாறிவிடுகிறது. அந்த வரைவை யார் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு எந்த ஏட்டிலும் தடயம் இல்லை. ஆயாவே மாற்றியிருக்கலாம்.

அவன் இப்போது இதைக் கதையாக எழுதிக்கொண்டிருக்கிறான். முதல் வரைவில் நந்தன் பேசினான், நிறையப் பேசினான். நாங்கள் எல்லோரும் கொஞ்சம் சங்கடமாக உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் வரைவில் வேதியர் வீட்டு மாட்டுக்காரச் சிறுவன் பார்வையில் எழுதினான், அது பரவாயில்லை. மூன்றாம் வரைவில் வேதியரையே எடுத்துவிட்டான். தில்லையில் தெற்கு மதிலுக்கு வெளியே, நெருப்பு வளர்ப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் மட்டும்தான் கதை. வண்டியில் விறகு வந்து இறங்குகிறது. எதற்கு என்று இறக்குகிறவர்களுக்குத் தெரியாது.

படித்துவிட்டு நான் ஒன்றே ஒன்று கேட்டேன். விறகை வெட்டியது யார்?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "எங்க ஆளுங்கதான் வெட்டியிருப்பாங்க" என்றான். பிறகு காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டான். அடுத்த மாதம் நான்காம் வரைவு கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.